ஓ-ரிங்கும் பதிவேடும்: காக்ஸ் டவுனில் துப்பாக்கிப் பட்டறை போட முடியுமா?

துப்பாக்கி சுடும் விளையாட்டில் இந்தியா பதக்கங்களை அள்ளுகிறது. அந்தத் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் கைகளோ விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. வேலைக்குப் போய்க்கொண்டே மாலை நேரத்தில் இதை ஒரு சிறு தொழிலாக நடத்த வழி உண்டா? சட்டம் எங்கே அனுமதிக்கிறது, எங்கே சிறைக் கதவைத் திறக்கிறது?

2021 ஜூலை 25. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று நடக்கிறது. 60 குண்டுகள், 75 நிமிடங்கள். 19 வயது மனு பாக்கர் நன்றாகவே சுட்டுக்கொண்டிருக்கிறார். திடீரென்று அவருடைய பிஸ்டலின் லீவர் உடைகிறது. பயிற்சியாளரோடு தனியிடத்துக்குப் போய், சரிசெய்து, பரிசோதித்து, மறுபடி தன் இடத்தில் வந்து நிற்பதற்குள் ஏறத்தாழ 20 நிமிடங்கள் போய்விட்டன. மிச்சமிருந்த நேரத்தில் அவசர அவசரமாகச் சுட்டு 575 புள்ளிகள் எடுத்தார். 12-வது இடம். இறுதிச் சுற்றுக்குள் நுழைய 577 போதுமானதாக இருந்தது.

இரண்டு புள்ளி.

மூன்று ஆண்டுகள் கழித்து பாரிஸில் அதே மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்றார். சுதந்திர இந்தியாவில் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் பெற்ற முதல் ஆள் அவர்தான். ஆனாலும் டோக்கியோவின் அந்த 20 நிமிடங்கள் துப்பாக்கி சுடும் வீட்டுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு மறக்கவில்லை. ஒலிம்பிக் அரங்கிலேயே இந்த நிலை என்றால், பெங்களூரின் ஒரு மூலையில் மாவட்டப் போட்டிக்குத் தயாராகும் பதினான்கு வயதுப் பெண்ணின் ரைஃபிளில் காற்று கசிந்தால் யாரிடம் கொண்டுபோவது? வெளிநாட்டு ரைஃபிள் ஒன்றின் விலை 2 லட்சம் ரூபாயைத் தாண்டும். அதில் தேய்ந்துபோன ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தின் விலை ஒரு காபிக் காசுதான். அந்த வளையத்தைச் சரியாக மாற்றத் தெரிந்த ஆள் எங்கே?

அந்த ஆளாக ஒருவர் ஆக முடியுமா என்பதே இந்தக் கட்டுரையின் விசாரணை. அதற்கு காக்ஸ் டவுனைவிடப் பொருத்தமான இடம் பெங்களூரில் அதிகம் இல்லை.

கன்டோன்மென்ட்டின் கைத்தொழில்

பெங்களூர் கன்டோன்மென்ட் 1809-ல் உருவானது. பட்டாளத்தோடு தமிழ் நாட்டிலிருந்து சிப்பாய்களும் கொத்தனார்களும் கொல்லர்களும் தச்சர்களும் வந்து குடியேறினார்கள். அல்சூர், சிவாஜி நகர், பிரேசர் டவுன், காக்ஸ் டவுன் தெருக்களில் இன்றும் தமிழ் ஒலிப்பதற்கு அந்த வரவும் ஒரு காரணம். காக்ஸ் டவுனின் பெயரே, அன்றைய சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷனில் கலெக்டராக இருந்த அலெக்சாண்டர் ரேங்கன் காக்ஸ் என்பவருடையது.

பக்கத்திலேயே அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் மையம். 'தம்பிகள்' என்று இந்திய ராணுவம் முழுவதும் செல்லமாக அழைக்கப்படும் இந்தப் படைப்பிரிவு 1834 முதல் பெங்களூரில் இருக்கிறது. 1912-ல் இங்கே பணியாற்றிய கேப்டன் மெக்ளின்டாக் உருவாக்கியதுதான் 'பெங்களூர் டார்பிடோ'. துண்டுத் துண்டான குழாய்களுக்குள் வெடிமருந்தை அடைத்து, ஒன்றோடொன்று பூட்டி, முள்வேலிக்கு அடியில் தள்ளி வெடிக்க வைக்கும் உத்தி. இரண்டு உலகப் போர்களிலும் பயன்பட்ட அந்தக் கருவி உலகெங்கும் இந்த ஊரின் பெயரைத்தான் சுமக்கிறது.

ராணுவத்துக்குப் பின்னால் தொழிற்சாலைகள் வந்தன. 1940-ல் ஹெச்.ஏ.எல்., 1953-ல் ஹெச்.எம்.டி., 1954-ல் பி.இ.எல். காக்ஸ் டவுனிலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள பையப்பனஹள்ளியில் என்.ஜி.இ.எஃப். ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கை விரல் நுனியால் உணரும் ஃபிட்டர்களையும் டூல் ரூம் தொழிலாளர்களையும் இந்த ஆலைகள் தலைமுறை தலைமுறையாக வளர்த்தன. ஓய்வு பெற்ற அத்தகைய பெரியவர்கள் கிழக்கு பெங்களூரின் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ராணுவத்தின் ஈ.எம்.இ. பிரிவிலும் போலீஸ் ஆயுதப் படையிலும் 'ஆர்மரர்' என்ற பெயரில் ஆயுதப் பராமரிப்பு பார்த்தவர்களும் உண்டு. ஆக, கைத்திறன் இருக்கிறது. அதற்கு வேலை இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஆனால் அது பழைய வேலை இல்லை.

வேட்டை நின்றது, வாடிக்கையாளர் மாறினார்

ஒரு காலத்தில் துப்பாக்கிக் கடைகளை வாழவைத்தவர்கள் வேட்டைக்காரர்கள். சென்னை மவுண்ட் ரோட்டின் பி.ஓர் அண்ட் சன்ஸ் கடிகாரங்களோடு துப்பாக்கியும் விற்ற நிறுவனம். பெங்களூரில் வாழ்ந்து ஹெச்.ஏ.எல்.லில் பணிபுரிந்த கென்னத் ஆண்டர்சன், சேலம், தர்மபுரிப் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிப் புலி, சிறுத்தைகளைத் தேடி அலைந்து புத்தகங்கள் எழுதினார். அவர் கையிலிருந்தது .405 வின்செஸ்டர் 1895 மாடல் ரைஃபிள். அப்படிப்பட்ட துப்பாக்கிகளுக்குக் குழல் சுத்தம் செய்யவும் மரக்கட்டை மாற்றவும் ஸ்பிரிங் போடவும் நகரங்களில் பட்டறைகள் இருந்தன.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை குற்றமாயிற்று. அது நல்லதற்குத்தான். ஆனால் அதோடு துப்பாக்கிக் கொல்லரின் வாடிக்கையும் சுருங்கிப்போனது. மிஞ்சியவை வங்கிக் காவலாளியின் 12-போர் துப்பாக்கி, தற்காப்பு உரிமம் வைத்திருப்பவரின் .32 ரிவால்வர், தோட்டக்காரரின் இரட்டைக் குழல். தேர்தல் அறிவித்தால் உரிமம் உள்ளவர்கள் ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். பல கடைகளுக்கு அந்தப் பாதுகாப்புக் கட்டணம் ஒரு முக்கிய வருமானம்.

புதிய வாடிக்கையாளர் விளையாட்டு அரங்கிலிருந்து வந்தார். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்றதும், 2012-ல் லண்டனில், சென்னையில் பிறந்த ககன் நாரங் அதே பிரிவில் வெண்கலம் வென்றதும் நடுத்தரக் குடும்பங்களின் கண்ணைத் திறந்துவிட்டன. கடலூரில் பிறந்து அகமதாபாதில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் நாரங்கின் பயிற்சித் திட்டத்தில் உருவாகி உலகக் கோப்பைத் தங்கங்கள் வென்றார். டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் விளையாடினார். 10 மீட்டர் பிரிவுக்குப் பெரிய மைதானம் தேவையில்லை. நீளமான ஒரு கூடமும் பாதுகாப்பான சுவரும் இருந்தால் ரேஞ்ச் தயார். அதனால்தான் மாநகரங்களில் பள்ளிகளிலும் அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளங்களிலும்கூட அவை முளைக்கின்றன.

சட்டம் எங்கே கோடு போடுகிறது?

ஆர்வக் கோளாறில் வீட்டு மொட்டை மாடியில் பட்டறை போட நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அதன் 5-வது பிரிவு தயாரிப்பதற்கும் விற்பதற்கும் மட்டுமல்லாமல், மாற்றியமைக்கவும், பழுது பார்க்கவும், சோதித்துப் பார்க்கவும்கூட உரிமம் கேட்கிறது. பழுது பார்ப்பதற்காக அடுத்தவர் துப்பாக்கியை வாங்கி வைத்திருந்தாலே அது பொருந்தும். குழலை வெட்டிக் குட்டையாக்குவது, பொம்மைத் துப்பாக்கியை நிஜமாக்குவது ஆகிய இரண்டுக்கும் 6-வது பிரிவு தனியாகவே இருக்கிறது.

'ஆயுதம்' என்பதற்குச் சட்டம் தரும் வரையறையும் விரிவானது. துப்பாக்கியின் பாகங்களும் ஆயுதம்தான். ஆயுதம் தயாரிக்கும் இயந்திரமும் அதே வரையறைக்குள் வருகிறது. 'ஒரு பாகம்தானே செய்தேன்' என்ற சமாதானம் நீதிமன்றத்தில் நிற்காது.

தண்டனை? 2019 டிசம்பரில் நிறைவேறிய திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் துப்பாக்கி தயாரித்தாலோ பழுது பார்த்தாலோ குறைந்தது 7 ஆண்டுச் சிறை; ஆயுள் தண்டனை வரை போகலாம். அதே திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது, உரிமத்தின் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீட்டியது, கல்யாணத்திலும் கொண்டாட்டத்திலும் வானத்தை நோக்கிச் சுடுவதைத் தனிக் குற்றமாக்கியது.

ஆகவே, 12-போர் துப்பாக்கியோ ரிவால்வரோ பழுது பார்க்க ஆசைப்படுபவர் உரிமம் வாங்கித்தான் தொடங்க முடியும். பெங்களூர் மாநகரில் ஆயுத உரிமங்களைக் கையாள்வது போலீஸ் கமிஷனர் அலுவலகம். பின்னணி விசாரணை, இடத்தின் பாதுகாப்பு, இரும்புப் பெட்டி, பதிவேடு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். மாலை நேரப் பகுதிநேரத் தொழிலுக்கு இது ஏறக்குறைய எட்டாத கதவு.

சிறு தொழில்முனைவோருக்குத் திறந்திருக்கும் கதவு வேறு. அதன் பெயர் ஏர் ரைஃபிள்.

20 ஜூல் என்ற எல்லை

2016-ல் வந்த ஆயுத விதிகள் ஏர் துப்பாக்கிகளை இரண்டாகப் பிரிக்கின்றன. குண்டு குழலை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டினாலோ, குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டரை, அதாவது .177-ஐ, தாண்டினாலோ உரிமம் தேவை. இரண்டு அளவுக்கும் உட்பட்ட துப்பாக்கியை வாங்கி வைத்திருக்க உரிமம் வேண்டாம். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்து வாங்கலாம்.

ஒலிம்பிக்கில் சுடும் ரைஃபிள் இந்த எல்லைக்குள் நிம்மதியாக அடங்கிவிடுகிறது. அரை கிராமுக்குச் சற்று அதிகமான ஈயப் பெல்லட், நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகம். கணக்குப் போட்டால் ஏழரை ஜூல்தான். இலக்கின் நடுவில் உள்ள பத்துப் புள்ளி அரை மில்லிமீட்டர் அகலப் பொட்டு. அங்கே வலிமைக்கு வேலையில்லை. ஒவ்வொரு குண்டும் ஒரே மாதிரி போக வேண்டும். பழுது பார்ப்பவரின் திறமை முழுவதும் அந்த ஒரே மாதிரித் தன்மையைக் காப்பாற்றுவதில்தான் இருக்கிறது.

உரிமம் வேண்டாம் என்ற சலுகை, வாங்கி வைத்திருப்பவரை மனத்தில் கொண்டது. கட்டணம் வாங்கிப் பழுது பார்க்கும் பட்டறைக்கும் அது அப்படியே செல்லும் என்று ஊகித்துக்கொண்டு போர்டு மாட்டுவது ஆபத்து. கமிஷனர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு தொடங்குவதே முறை. ஒரு வழக்கறிஞரின் அரை நாள் கட்டணம் இந்தத் தொழிலின் முதல் முதலீடு.

இரண்டாவது எச்சரிக்கை இன்னும் முக்கியம். 'கொஞ்சம் பவர் கூட்டிக் கொடுங்க' என்று கேட்டு வருபவர்கள் எந்தப் பட்டறைக்கும் வருவார்கள். 20 ஜூல் அளவைத் தாண்டிய நொடியில் அந்தத் துப்பாக்கி உரிமம் வேண்டிய ஆயுதமாகிவிடும்; அதை மாற்றிக் கொடுத்தவர் குற்றவாளியாகிவிடுவார். அப்படிக் கேட்பவர்களில் பலரின் நோக்கம் புறாவும் கொக்கும் முயலும்தான். அருணாசலப் பிரதேசத்தில் பறவைகள் ஏர் துப்பாக்கிகளால் அழிவதைப் பார்த்து 2021 மார்ச்சில் ஓர் இயக்கமே தொடங்கினார்கள். ஊர் ஊராக மக்கள் தாமே முன்வந்து 2,000-க்கும் மேற்பட்ட ஏர் துப்பாக்கிகளை ஒப்படைத்தார்கள். காக்ஸ் டவுன் பட்டறைக்காரர் தன் சுவரில் முதலில் எழுதி வைக்க வேண்டிய வாசகம் 'பவர் கூட்டித் தரப்படாது' என்பதே.

மேசைமேல் என்ன வேலை?

வரக்கூடிய துப்பாக்கிகள் இரண்டு வகை. ஒன்று, ஸ்பிரிங் வகை. குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் அழுந்தும். விசையைத் தட்டினால் பிஸ்டன் பாய்ந்து காற்றை நெருக்கி பெல்லட்டைத் தள்ளும். இந்தியன் ஹியூம் பைப் நிறுவனத்தின் 'ஐ.எச்.பி. 35' போன்ற உள்நாட்டு மாடல்களில்தான் பழைய தலைமுறை பழகியது. திருவிழாவிலும் பொருட்காட்சியிலும் பலூன் சுடும் கடைகளில் இருப்பதும் இந்த வகையே. நாள் முழுக்க ஆயிரக்கணக்கான முறை மடக்கப்படும் அந்தத் துப்பாக்கிகளில் ஸ்பிரிங் தளரும், பிஸ்டன் வாஷர் தேயும், குழல் பூட்டு ஆடும். எண்ணெயைத் தவறான இடத்தில் ஊற்றினால், நெருக்கப்பட்ட காற்றின் சூட்டில் அது டீசல் எஞ்சின் மாதிரி எரிந்து வாஷரைக் கருக்கிவிடும். பெல்லட் போடாமல் வெறுமனே சுட்டுப் பார்ப்பதும் பிஸ்டனுக்கு எமன்.

இரண்டாவது வகை, அழுத்தக் காற்றுச் சிலிண்டர் கொண்ட போட்டித் துப்பாக்கி. ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஆன்ஷூட்ஸ், ஆஸ்திரியாவின் ஸ்டெயர், இத்தாலியின் பர்தீனி, சுவிட்சர்லாந்தின் மோரினி ஆகியவை ரேஞ்ச்களில் அதிகம் தென்படும் பெயர்கள். மகாராஷ்டிரத்தின் பிரெசிஹோல் போன்ற இந்திய நிறுவனங்களும் களத்தில் இறங்கிவிட்டன. இவற்றில் அடிக்கடி வரும் நோய்கள்: காற்றுக் கசிவு, ரெகுலேட்டர் தடுமாற்றம், விசையின் அளவு மாறிப்போவது, குழலில் ஈயப் படிவு.

சிலிண்டரில் காற்று பெரும்பாலும் 200 பார் அழுத்தத்தில் அடைந்து கிடக்கிறது. கார் டயருக்குள் இருப்பதைப்போல ஏறக்குறைய 90 மடங்கு. எனவே சிலிண்டரில் கை வைக்கவே கூடாது. அதில் காலாவதித் தேதி பொறித்திருக்கும். பொதுவாகத் தயாரித்ததிலிருந்து 10 ஆண்டுகள். தேதி முடிந்ததைப் போட்டி நடுவர்களும் ஏற்க மாட்டார்கள், பட்டறையும் ஏற்கக் கூடாது. காற்று நிரப்பித் தரும் எண்ணம் இருந்தால் 2016-ம் ஆண்டின் கேஸ் சிலிண்டர் விதிகளையும் புரட்ட வேண்டும்.

தேவையான கருவிகள் ஒரு மேசைக்குள் அடங்கும். அளவோடு திருகும் டார்க் ஸ்க்ரூ டிரைவர், ரப்பர் தாடை வைத்த வைஸ், ஸ்பிரிங்கைப் பாதுகாப்பாக அழுத்திக் கழற்றும் சட்டம், பெல்லட்டின் வேகம் அளக்கும் கிரோனோகிராஃப், விசை சோதிக்கும் எடைக்கல். பெல்லட் பாய்வதை நிறுத்தும் உறுதியான பெட்டியும் கண்ணாடியும் கட்டாயம். ஓ-ரிங்கும் சிறு ஸ்க்ரூக்களும் எஸ்.பி. ரோட்டிலும் ஜே.சி. ரோட்டிலும் அலைந்தால் கிடைக்கும். ஆனால் உயர் அழுத்தம் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்க வேண்டும். லேத் மெஷினை மட்டும் இந்தத் தொழிலிலிருந்து தள்ளி வைப்பதே புத்திசாலித்தனம். பழுது பார்க்க அது தேவைப்படாது. சோதனைக்கு வரும் அதிகாரியின் மனத்தில் வேறு கேள்விகளை எழுப்பும்.

கைக்கு ஏற்ற கட்டை

பழுது பார்ப்பதைவிட நல்ல வருமானம் தரக்கூடியது, துப்பாக்கியை ஆளுக்கேற்ப அமைத்துத் தருவது. போட்டி ரைஃபிள்கள் ஐரோப்பிய உடல்வாகை மனத்தில் வைத்துச் செய்யப்படுகின்றன. நம் ஊர்ப் பதின்மூன்று வயதுச் சிறுமியின் தோளுக்கும் கழுத்துக்கும் அவை ஒத்துவராது. பின்கட்டையின் நீளம், கன்னம் சாயும் பகுதியின் உயரம், தோளில் பதியும் தகட்டின் வளைவு, கைப்பிடியின் சாய்வு என்று ஒவ்வொன்றையும் மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்திப் பொருத்த வேண்டும். மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்ற சர்வதேச விதியும் உண்டு.

பிஸ்டலில் இது இன்னும் நுட்பம். வால்நட் மரத்தில் கடைந்த கைப்பிடியை அரத்தால் தேய்த்தும், மரப் புட்டியை அப்பி உள்ளங்கையின் பள்ளமேடுகளுக்கு ஏற்ப உருவாக்கியும் கொண்டுவர வேண்டும். இடக்கைக்காரர்களுக்கு ஏற்ற பிடி கடையில் எளிதில் கிடைப்பதில்லை. அதே சமயம் 10 மீட்டர் பிஸ்டல் 420-க்கு 200-க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்கியாக வேண்டும். 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். போட்டிக்கு முன் நடுவர் எடைக்கல்லை விசையில் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார். கல் விழுந்தால் துப்பாக்கி தேறாது. இந்த விதிப் புத்தகம் மனப்பாடமாக இல்லாதவர் கைப்பிடியில் அரத்தை வைக்கக் கூடாது.

மாற்றுத்திறனாளி வீரர்களின் தேவை இன்னும் ஆழமானது. அவனி லேகரா டோக்கியோ, பாரிஸ் இரண்டு பாராலிம்பிக்கிலும் தங்கம் வென்றபின் பலர் இந்த விளையாட்டுக்கு வருகிறார்கள். கைகளால் ரைஃபிளின் எடையைத் தாங்க முடியாதவர்களுக்கான எஸ்.எச்.2 பிரிவில் ரைஃபிள் ஒரு ஸ்பிரிங் தாங்கியின்மேல் நிற்கும். கர்நாடகத்தைச் சேர்ந்த ஸ்ரீஹர்ஷ தேவரட்டி இந்தப் பிரிவில் பாரிஸ் வரை போனவர். சக்கர நாற்காலி, மேசை, தாங்கி மூன்றையும் ஒருவரின் உடலுக்கேற்பக் கோத்துத் தரும் ஃபிட்டர் அருகிலேயே இருந்தால், அந்த வீரரின் பயிற்சி நேரம் மிச்சமாகும். ஹெச்.ஏ.எல்., பி.இ.எல். அனுபவம் கொண்ட கைகளுக்கு இதைவிடத் தகுந்த வேலை ஏது?

கூர்க்கின் பூவும் முங்கேரின் பாடமும்

கர்நாடகத்தில் துப்பாக்கி என்றதும் நினைவுக்கு வருவது கூர்க் எனப்படும் குடகு. 1861-ல் மார்க் கப்பன் கமிஷனராக இருந்தபோது, ஆயுதம் பறிக்கும் சட்டத்திலிருந்து குடகர்களுக்கு விலக்கு கிடைத்தது. இன்றும் குடவ இனத்தவரும் ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை பெற்றவர்களும் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கலாம். 2019-ல் மத்திய அரசு இந்தச் சலுகையை 2029 வரை நீட்டித்தது. 2021 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. செப்டம்பர் தொடக்கத்தில் வரும் கைல்போதுப் பண்டிகையில் துப்பாக்கிகளைத் துடைத்து, வரிசையாக வைத்து, 'தோக் பூ' சூட்டி வணங்குகிறார்கள். தோக் என்றால் துப்பாக்கி. அந்தப் பூ நம் செங்காந்தள். பிறகு தென்னை மர உச்சியில் கட்டிய தேங்காயைக் குறிபார்த்துச் சுடும் போட்டி நடக்கும். பல வீடுகளில் இருப்பவை பாட்டன் காலத்துத் துப்பாக்கிகள். அவற்றுக்குப் பராமரிப்பு வேண்டும். சலுகையோ வைத்திருப்பதற்கும் எடுத்துச் செல்வதற்கும்தான். குடகிலிருந்து ஒருவர் பெங்களூருக்குத் தன் தாத்தாவின் இரட்டைக் குழலைக் கொண்டுவந்து 'சும்மா ஸ்பிரிங் மாத்திக் குடுங்க' என்றால், உரிமம் இல்லாத பட்டறைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும்.

கும்பிடாமல் வாங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு பீகாரின் முங்கேர் சாட்சி. 1760-களில் வங்க நவாப் மீர் காசிம் தலைநகரை அங்கே மாற்றி ஆயுதச் சாலை அமைத்ததிலிருந்து முங்கேர் துப்பாக்கிக் கொல்லர்களின் ஊர். சுதந்திரத்துக்குப் பின்னும் முப்பதுக்கும் மேற்பட்ட உரிமம் பெற்ற சிறு ஆலைகள் அங்கே இயங்கின. 12-போர் துப்பாக்கி செய்ய மட்டுமே அனுமதி. வாங்குவோர் குறைந்தார்கள், ஆலைகள் முடங்கின, வயிற்றுப்பாட்டுக்காகப் பல கைகள் கள்ளத் துப்பாக்கிக்குத் திரும்பின. 2018-ல் ஜபல்பூர் மத்திய ஆயுதக் கிடங்கிலிருந்து கடத்தப்பட்ட ஏ.கே. 47 துப்பாக்கிகள் முங்கேரில் கிணற்றுக்குள்ளிருந்துகூட எடுக்கப்பட்டன. கைதானவர்களில் ஓய்வு பெற்ற ஆர்மரர் ஒருவரும் இருந்தார். கழிக்கப்பட்ட துப்பாக்கிகளை மறுபடி சுடவைக்கத் தெரிந்த கை அது. நேர்மையான வேலை கிடைத்திருந்தால் ஒரு ரேஞ்சில் மரியாதையாக உட்கார்ந்திருக்கக்கூடிய கையும்கூட.

ஸ்பிரிங் செய்தவர்கள் ரைஃபிள் செய்கிறார்கள்

இதே பெங்களூரில் நேர்வழியில் வளர்ந்த உதாரணமும் இருக்கிறது. வாகன ஸ்பிரிங்குகளுக்குப் பெயர்பெற்ற ஸ்டம்ப் ஷூலே அண்டு சோமப்பா குழுமத்திலிருந்து பிறந்தது எஸ்.எஸ்.எஸ். டிஃபென்ஸ். உரிமத்தோடு இயங்கும் இந்த நிறுவனம் 'வைப்பர்', 'சேபர்' என்ற ஸ்னைப்பர் ரைஃபிள்களை இங்கேயே வடிவமைத்தது. பழைய ஏ.கே. ரைஃபிள்களுக்குப் புதிய பின்கட்டையும் பிடியும் ரெயிலும் பொருத்தி நவீனமாக்கும் தொகுப்பையும் உருவாக்கியது. 2024-ல் அதன் .338 லாபுவா மேக்னம் ரைஃபிளுக்கு ஒரு நட்பு நாட்டிலிருந்து ஏற்றுமதி ஆர்டர் கிடைத்தது. ஸ்பிரிங்கின் இயல்பை அணு அணுவாக அறிந்தவர்கள் அடுத்த படி ஏறியதில் வியப்பில்லை. தனியாள் பட்டறைக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம் இருந்தாலும், பழையதை வாங்கிப் புதுக்கித் தரும் வேலைக்கு மதிப்பு உண்டு என்பதை இது உறுதி செய்கிறது.

யார் தொடங்கலாம், யார் கற்றுத் தருவது?

இந்தத் தொழிலுக்கு வாய்ப்பான இரண்டு தரப்பினர் கண்ணுக்குத் தெரிகிறார்கள். முன்னாள் ராணுவ, போலீஸ் ஆர்மரர்கள் ஒரு தரப்பு. தாமே சுடுகிற, இயந்திர அறிவுள்ள இளைஞர்கள் மறு தரப்பு. இருவரும் முதல் ஆண்டை ஏதாவது ஒரு ரேஞ்சோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, அதன் கூரைக்கு அடியிலேயே வாரம் இரண்டு மாலைகள் வேலை பார்ப்பது நல்லது. துப்பாக்கிகள் வீட்டுக்கு வராது. சுட்டுப் பார்க்கத் தனி இடம் தேட வேண்டாம். அக்கம்பக்கத்தாரின் பயமும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை முழுச் சர்வீஸ், போட்டிக்கு முந்தைய சோதனை, பெல்லட் பொருத்தம் பார்த்தல் என்று மூன்று கட்டணங்களை வெளிப்படையாக ஒட்டிவைத்தால் பெற்றோருக்குக் குழப்பம் இராது. ஒரே ரக ரைஃபிளுக்குக்கூட 4.49-ம் 4.50-ம் மில்லிமீட்டர் தலை அளவுள்ள பெல்லட்கள் வேறு வேறு விதமாகப் போகும். ரைஃபிளைத் தாங்கியில் இறுக்கி ஒவ்வொரு ரகத்தையும் சுட்டுப் பார்த்துச் சொல்வது தனிச் சேவை. வெளிநாட்டில் அதற்கென்றே நிலையங்கள் இயங்குகின்றன.

உலகக் கோப்பைப் போட்டிகளில் வால்தர், மோரினி, ஸ்டெயர் நிறுவனங்களின் தொழில்நுட்பர்கள் சர்வீஸ் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆஸ்திரியாவின் ஃபெர்லாக் ஊரில் 19-ம் நூற்றாண்டிலிருந்தே துப்பாக்கிக் கொல்லர் பள்ளி நடக்கிறது. நம் மாவட்டப் போட்டிகளில் அந்த மேசை காலியாகவே கிடக்கிறது. பிள்ளைகளின் துப்பாக்கி பாதியில் நின்றால், பக்கத்து அகாடமியின் பயிற்சியாளர் பையிலிருந்து ஆலன் கீயை எடுத்து முயல்வதுதான் நடைமுறை. பதக்கம் வென்றால் கோடிகளில் பரிசு அறிவிக்கும் அரசுகள் இந்த மேசைக்கு ஓர் ஆளைத் தயார் செய்யச் செலவிட வேண்டியது மிகச் சொற்பம்.

அதற்கான அமைப்புகள் பெங்களூரிலேயே இருக்கின்றன. ராஜாஜி நகரில் அரசு டூல் ரூம் பயிற்சி மையம், பீன்யாவில் என்.டி.டி.எஃப்., ஓய்வு பெற்ற ஆர்மரர்கள், மாநில ரைஃபிள் சங்கம். இவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு ஒன்றை வடிவமைத்துவிட முடியும். ஏர் துப்பாக்கிப் பராமரிப்பு, சர்வதேச விதிகள், ஆயுதச் சட்டம், அழுத்தக் காற்றுப் பாதுகாப்பு ஆகிய நான்கு பாடங்கள் போதும். சான்றிதழ் பெற்றவர்களின் பட்டியல் கமிஷனர் அலுவலகத்திலும் ரைஃபிள் சங்கத்திலும் இருந்தால், யார் எந்த வேலையை எந்த எல்லைக்குள் செய்கிறார்கள் என்பது காவல்துறைக்கும் தெரிந்திருக்கும். மத்திய அரசு தன் பங்குக்கு 20 ஜூலுக்கு உட்பட்ட போட்டித் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பதற்கென்று எளிய பதிவு முறை ஒன்றை ஆயுத விதிகளிலேயே தெளிவாகச் சேர்க்க வேண்டும்.

அதுவரை தொடங்குபவர்கள் செய்ய வேண்டிய முதல் காரியம் கெட்டி அட்டை போட்ட பதிவேடு ஒன்றை வாங்குவது. துப்பாக்கியின் தயாரிப்பு எண், கொண்டுவந்தவரின் பெயரும் அடையாள எண்ணும், வந்த நாள், சொன்ன குறை, மாற்றிய பாகம், வேலைக்கு முன்னும் பின்னும் கிரோனோகிராஃப் காட்டிய வேகம், திருப்பிக் கொடுத்த நாள், இரு தரப்புக் கையெழுத்து. எண் அழிக்கப்பட்ட துப்பாக்கி வந்தால் தொடவே கூடாது. அன்றைக்கே காவல் நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும்.